இறங்கலாம் என்று சொன்ன காகிதம்

டேங்க் மூடியைத் திறந்து உள்ளே இறங்குவதற்கு முன், அதைக் கழுவ வந்தவர் ஒரு காகிதத்தைப் பார்ப்பார். உள்ளங்கை அகலக் காகிதம். டேங்கின் எண், கடைசியாக அது சுமந்த சரக்கு, அதற்குக் கீழே பெரிய எழுத்தில் மலாயில் ஒரு கட்டளை. ‘துங்கு’ என்றிருந்தால் காத்திருக்க வேண்டும். மூடியைத் திறந்து போட்டு, ஒரு முழு நாள் காற்றாடி ஓட விட்டு, வாயு அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்த பிறகுதான் ஆள் இறங்கலாம். ‘போலே மாசுக்’ என்றிருந்தால் உடனே இறங்கலாம். அவ்வளவுதான். ஒரு மனிதரின் மூச்சுக்கும் அந்த இருட்டுக்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு வரி.

போர்ட் கிள்ளானில், கப்பலுக்குப் போகும் டேங்குகளைக் கழுவும் யார்டு அது. அந்த ஒரு வரியை அச்சிடும் புரோகிராமை எப்படி எழுதுவது என்றுதான் நாங்கள் இருவர், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில், மாதக்கணக்காகச் சண்டை போட்டோம்.

நான் ரவாங்குக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்களின் மகன். படித்து முடித்து கோலாலம்பூருக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது, உலகத்தில் கலைந்து கிடப்பதை எல்லாம் அடுக்கிவிடலாம் என்று நினைத்தேன். அந்த வயதில் எதையாவது ஒன்றை முழுசாக நம்பாமல் காலையில் பல் துலக்கக்கூட முடியாது. என் நம்பிக்கைக்குப் பெயர் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் என்ற புரோகிராம் எழுதும் முறை.

என்னோடு சண்டை போட்டவள் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்ட் கோவிலில் பாடுவாள், திங்கட்கிழமை என்னைக் கிழிப்பாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. யார்டில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த பழைய புரோகிராம் அவள் எழுதியது. மேலிருந்து கீழே இறங்கும் கட்டளைகள். இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய், அதுவும் இல்லாவிட்டால் இன்னொன்றைச் செய். நாலாயிரம் வரி. மழை பெய்த மண்சாலையைப்போல் அங்கங்கே குழி, அங்கங்கே கல் போட்டு அடைத்த இடம்.

என்னுடையது வேறு. சரக்கு என்று ஒரு தாய். அவளுக்கு இரண்டு பிள்ளைகள்: ரசாயனம், தோட்டப் பொருள். பிள்ளைகளுக்குப் பிள்ளைகள்: அமிலம், கரைப்பான், செம்பனை எண்ணெய், ரப்பர் பால். தாயின் குணம் பிள்ளைக்குத் தானாக வரும். ரசாயனத்துக்குப் பிறந்ததெல்லாம் ‘துங்கு’ சொல்லும். தோட்டப் பொருளுக்குப் பிறந்ததெல்லாம் ‘போலே மாசுக்’ சொல்லும். யாரும் யாருக்கும் கட்டளையிட வேண்டாம். டேங்கைக் கேட்டால் டேங்கே பதில் சொல்லும். அந்த மரத்தை வெள்ளைத்தாளில் வரைந்து சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். சில நாட்களில் வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அழகு. கண்ணை மறைக்கும் அழகு என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அழகு மட்டும்தான்.

முதலாளி இருக்கும்போது நாங்கள் இருவரும் வாங்க போங்க. அவர் படியிறங்கியதும் வா போ.

“பொறந்த வீட்ட வச்சு கொணத்தச் சொல்ற நீ,” என்பாள் கீழே இருந்த வாழையிலைக் கடையில், ரசத்தை உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சியபடி. “இதுக்கு வேற பேரு இருக்கு லா. சரக்குக்கும் சாதி பாக்க ஆரம்பிச்சிட்டியா?”

“உன்னோடது மட்டும் என்ன? ‘இருந்தா இருந்தா’ன்னு நாலாயிரம் வரி. படிச்சு முடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்குது.”

“வாங்கட்டும். மூச்சு இருக்கறவனுக்குத்தான் வாங்கும்.”

“ஒரு சரக்கு புதுசா வந்தா நீ எத்தன எடத்துல தொடணும்? பதினாறு எடம். நான் ஒரு எடம்.”

“பதினாறு எடத்துல தொடும்போது பதினாறு தடவ யோசிப்பேன். நீ ஒரு தடவகூட யோசிக்க மாட்ட. அம்மா பாத்துக்குவாங்கன்னு போய்ருவ.”

கடைக்காரர் இலையெடுக்க வந்து, “என்னம்மா, வீட்டுச் சண்டையா?” என்று கேட்பார். “இல்லண்ணே, இவரு தாள்ல வரைஞ்ச வீட்டுல இருக்கறவங்களோட சண்டை,” என்பாள். அவர் புரியாமல் சிரிப்பார். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் இருந்தன அந்த நாட்கள். அதை மறைப்பானேன்?

அவளுடைய நாலாயிரம் வரிகளின் நடுவில் ஒரு வரி என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. சரக்கு ரப்பர் பாலாக இருந்தால், துங்கு. பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: இதை எடுக்காதே. மற்றத் தோட்டப் பொருளுக்கெல்லாம் இறங்கலாம் என்று சொல்லும் புரோகிராம், இதற்கு மட்டும் காத்திரு என்றது.

“இது எதுக்கு?” என்றேன்.

“யார்டுல யாரோ மயங்கி விழுந்தாங்களாம். ஆளுங்கள மேய்க்கிற மண்டோர் சொன்னாரு. சேத்தேன்.”

“எப்ப? யாரு?”

“தெரியல. நான் வர்றதுக்கு முன்னாடி.”

“அப்ப யாரோ சொன்ன கதைய வச்சு புரோகிராம் எழுதற.”

“கதையா இருந்துட்டுப் போவட்டும்,” என்றாள். “எடுக்காத.”

எழுதத் தொடங்கும் முன் ஒரு நாள் யார்டைப் பார்க்கப் போனேன். கமியூட்டர் ரயில் புதிதாக ஓடத் தொடங்கியிருந்த சமயம். கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் உப்பும் டீசலும் கலந்த காற்று முகத்தில் ஒட்டும். யார்டில் டேங்குகள் வெள்ளையாகப் படுத்துக் கிடந்தன, வயிறு உப்பிய மாடுகளைப் போல. அவற்றைக் கழுவியவர்களில் ஒருவர் கிள்ளான்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், இடுப்பில் துண்டு, ரப்பர் பூட்ஸ். ரப்பர் பால் டேங்கை எப்படிக் கழுவுவீர்கள் என்று கேட்டேன்.

“தண்ணி அடிச்சா போவாது பாஸ். உள்ள செவுத்துல தோலு கட்டியிருக்கும். பாம்புச் சட்ட மாதிரி. எறங்கி கையால உரிக்கணும். கிழியாம முழுசா வந்துச்சுன்னா அன்னைக்கு நாலு நம்பர் லாட்டரி எடுக்கலாம், அவ்ளோ அதிர்ஷ்டம்.”

“காகிதம் பாத்துட்டுத்தான் எறங்குவீங்களா?”

“பின்ன? எனக்குப் படிப்பு கம்மி பாஸ். தோட்டத்து ஸ்கூலு, அதுவும் பாதி. ரெண்டு சொல்லு தெரியும். துங்கு, போலே மாசுக். அந்த ரெண்டையும் நீங்க கரெக்டா போட்டுக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

கரெக்டாகப் போட்டுத் தருகிறேன் என்றேன். கை கொடுத்தேன். அவர் கையைத் துண்டில் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார்.

பழைய புரோகிராமையே தைத்து ஓட்டுவதா, என்னுடையதைப் புதிதாகப் போடுவதா என்று முடிவு செய்ய ஒரு மத்தியானம் யார்டு மேனேஜர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். முதலாளி குளிர்பானம் வரவழைத்தார். எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, “பேசுங்க. ஜெயிக்கறவங்க எழுதட்டும்,” என்றார். பட்டிமன்றம் போலத்தான் இருந்தது. பட்டிமன்றத்தில் யார் சரி என்பதைவிட யார் பேச்சு எடுபடுகிறது என்பதுதானே பெரிது. எனக்கு அது சின்ன வயதிலிருந்தே வரும்.

அவள் தன் புரோகிராமின் நல்ல குணங்களை எடுத்துச் சொன்னாள். அச்சடித்த ஒவ்வொரு காகிதத்தின் வாசகமும் அப்படியே ஒரு ஃபைலில் கிடக்கும், என்றைக்கு எந்த டேங்குக்கு என்ன சொன்னோம் என்று பிறகு பார்க்கலாம் என்றாள். என் திட்டத்தில் நான் அதை எடுத்துவிட்டிருந்தேன். டேங்குக்குத் தன்னைத் தெரியும், எப்போது கேட்டாலும் அப்போதே பதில் சொல்லும். சொன்னதை எல்லாம் சேர்த்து வைப்பது இடத்துக்குக் கேடு என்றேன். மேனேஜர் தலையாட்டினார்.

“ரப்பர் பால் எங்க வச்சிருக்கீங்க?” என்று அவள் கேட்டாள்.

“தோட்டப் பொருள்ல.”

“என்னோட அந்த வரி?”

மேனேஜரின் பக்கம் திரும்பினேன். அவரும் தோட்டத்திலிருந்து வந்தவர்தான். “சார், நம்ம அப்பா அம்மா வெறுங்கையால அள்ளுன சாமான். நம்ம வீட்டு ஆளு. அதுக்குப் போயி ஒரு நாள் போலீஸ் காவலா?”

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளிக்குக் குளிர்பானம் மூக்கில் ஏறிவிட்டது. ரப்பர் பால் டேங்குகள் ஒரு நாள் முன்னதாகவே கழுவப்பட்டு வெளியே போகும் என்பது மேனேஜருக்கு அந்தச் சிரிப்புக்குள்ளேயே புரிந்துவிட்டது. “குட் லா, தம்பி. நீங்களே எழுதுங்க,” என்றார்.

அவள் ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தாள். எதிர்த்து ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் ஒரு நகைச்சுவையாக்கியிருப்பேன்.

ரப்பர் பால் உறையாமல் இருக்க அதில் அமோனியா கலப்பார்கள். எனக்கு இது தெரியாதா? தெரியும். தோட்டத்தில் பால் ஸ்டோரைக் கடக்கும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியவன் நான். ஸ்டோரிலிருந்து வரும் அம்மாவின் கண்கள் தினமும் சிவந்திருக்கும். தூக்கமில்லை என்று நினைத்துக்கொள்வோம். அந்தச் சிவப்பைப் பார்த்து வளராத எவனாவது, தைவானிலிருந்தோ பம்பாயிலிருந்தோ வந்தவன், இந்த மரத்தை வரைந்திருந்தால், அமோனியா என்ற சொல்லைக் கண்டதும் ரப்பர் பாலை ரசாயனத்துக்குக் கீழே போட்டிருப்பான். கூடவே வளர்ந்ததை ஆபத்து என்று நினைக்க என்னால்தான் முடியவில்லை.

என் புரோகிராம் யார்டில் ஓடத் தொடங்கிய பிறகு நாலு நாள் விடுமுறை ஒன்று வந்தது. ரப்பர் பால் இறக்கிய டேங்க் ஒன்று மூடி திறக்காமல் நாலு நாளும் வெயிலில் கிடந்தது. ஐந்தாம் நாள் காலை யார்டு கிளார்க் பெண் டேங்கின் எண்ணைத் தட்டினாள். ‘போலே மாசுக்’ என்று காகிதம் வந்தது. அந்தக் கிள்ளான்காரர் பார்த்தார். சட்டைப் பையில் வைத்தார். இறங்கினார்.

ஏணியின் பாதியில் கை நழுவி விழுந்தார் என்று மேலே நின்றவர் சொன்னார். கயிறு கட்டித் தூக்குவதற்குள் நேரமாகிவிட்டது. உயிர் போகவில்லை. நெஞ்சுக்குள்ளே வெந்துவிட்டது, கண் இரண்டும் வெளுத்துவிட்டன.

செய்தி எங்களுக்குக் காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் வந்தது. முதலாளி கேட்டது ஒன்றுதான்: “இன்னொரு ஆளு எறங்கறதுக்குள்ள சரி பண்ண முடியுமா?” முடியும். ஒரே ஒரு இடம். ரப்பர் பாலின் தாயை மாற்றினேன். தோட்டப் பொருள் என்றிருந்ததை அழித்து ரசாயனம் என்று தட்டினேன். ஒரு சொல். நான் பீற்றிக்கொண்ட வசதி அன்றைக்குத்தான் உண்மையில் பயன்பட்டது. டிஸ்கெட்டை எடுத்துக்கொண்டு ரயில் ஏறி, பன்னிரண்டரைக்கு யார்டு கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வேகமாகச் செய்தேன். நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன்.

இரண்டு மணிக்கு விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். காலையில் கொடுத்த காகிதம் எங்கே என்றார். அது சட்டையோடு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். “அப்ப மறுபடியும் அடிங்க,” என்றார்.

கிளார்க் பெண் அதே டேங்கின் எண்ணைத் தட்டினாள். காலை நேரத்தையும் தட்டினாள். டேங்கைக் கேட்டது புரோகிராம். டேங்க் தன் சரக்கைக் கேட்டது. சரக்கு தன் புதிய தாயைக் கேட்டது. அச்சு இயந்திரம் கரகரத்தது.

துங்கு.

அதிகாரி காகிதத்தைக் கிழித்தெடுத்து மேனேஜரிடம் காட்டினார். “காத்திருன்னு போட்டிருக்கே. ஆளு படிக்கத் தெரியாதவரா?”

“ரொம்பக் கம்மி சார்,” என்றார் மேனேஜர்.

கிளார்க் பெண்ணைக் கேட்டார்கள். “நாளைக்கு நூறு பேப்பர் அடிக்கறேன் சார். எதையும் படிக்கறதில்ல,” என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை. நான் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றிருந்தேன். இரண்டு அடி. வாயைத் திறந்தால் போதும். மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. அதிகாரி பேனாவை மூடினார். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அவள் என் மேசைக்கு வந்தாள். முதலாளி உள்ளே இருந்தார், ஆனாலும் வா போதான்.

“மறுபடியும் அடிச்சாங்களாமே. துங்குன்னு வந்துச்சாமே.”

“ம்.”

“நீ மாத்தினதுக்கு அப்புறம்.”

“ம்.”

“என்னோட ஃபைல் இருந்திருந்தா காலைல என்ன வந்துச்சுன்னு கெடந்திருக்கும்.” கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “நீ மாத்தறதுக்கு முன்னாடி இருந்த உன்னோட பழைய டிஸ்கெட் வச்சிருக்கியா?”

“இருக்கு.”

“அதுல கேட்டா என்ன சொல்லும்?”

“போலே மாசுக்.”

“அப்ப நீயே போயி சொல்லு. நான் சொன்னா, தோத்தவ பொறாமையில சொல்றான்னு போயிரும். ஆளு ஏற்கனவே கண்ணில்லாம கெடக்குறாரு. படிக்கத் தெரியாதவன்னு வேற ஆக்கிட்டீங்க.”

எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் என்ன செய்தேன் என்று இப்போது நினைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சாப்பிட்டேன். தூங்கினேன். அதுதான் பயங்கரம். பத்தாம் நாள் அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணில் கட்டு. குரல் உமியை அரைப்பதுபோல் வந்தது. யாரென்று சொன்னேன்.

“பாஸா? வாங்க பாஸ்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “ஒண்ணு கேக்கணும். நான் தப்பாப் படிச்சிட்டேன்னு சொல்றாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, போலே மாசுக்னுதான் போட்டிருந்துச்சு. ஆனா எல்லாரும் சொல்றப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. ரெண்டே சொல்லு பாஸ். அதக்கூட மாத்திப் படிச்சிருப்பேனா?”

“இல்ல,” என்றேன். “நீங்க சரியாத்தான் படிச்சீங்க.”

கட்டுக்குக் கீழே கன்னம் ஆடியது. பிறகு, “அப்ப அத அவங்ககிட்ட சொல்லுங்க,” என்றார். நல்லதற்கோ கெட்டதற்கோ, வேறெதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சொன்னேன். பழைய டிஸ்கெட்டை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனேன். மேனேஜரும் அந்த அதிகாரியும் உட்கார்ந்திருக்க, நான் மாற்றுவதற்கு முன் இருந்த புரோகிராமை ஏற்றி, அதே எண்ணையும் அந்தக் காலை நேரத்தையும் தட்டினேன். போலே மாசுக் என்று வந்தது. இதுதான் அன்று காலை வந்தது, நான் மாற்றிய பிறகு வந்ததைத்தான் நீங்கள் எடுத்துப் போனீர்கள், தப்பு என்னுடையது என்றேன்.

மேனேஜர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே எண், ஒரே நாள், ஒரே நேரம்.

“தம்பி, அன்னைக்கு ஒண்ணு சொல்லுச்சு. இன்னைக்கு ஒண்ணு சொல்லுது. உங்க கையில இருந்தா அது என்ன வேணும்னாலும் சொல்லும், இல்லையா?”

ஆமாம். அதுதான் உண்மை. அதிகாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து மனம் இளகிவிட்ட பையன் என்று நினைத்திருப்பார். அறிக்கையில் ‘துங்கு’ காகிதமே இருந்தது. முதலாளி என்னை வேலையைவிட்டு நீக்கவில்லை, அறிக்கை என் பக்கம் இருந்ததால் நீக்கக் காரணமும் இல்லை. நானே வேலையிலிருந்து நின்றுகொண்டேன். அவள்தான் அந்த யார்டு புரோகிராமைப் பிறகு பார்த்துக்கொண்டாள். முதல் வேலையாக, அச்சடித்ததை எல்லாம் ஃபைலில் சேர்க்கும் பகுதியைத் திரும்பச் சேர்த்தாள் என்று கேள்விப்பட்டேன்.

இன்றைக்கும் இளைஞர்கள் எந்த முறை நல்லது என்று என்னைக் கேட்கிறார்கள். அவளுடைய முறைதான் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுடைய நாலாயிரம் வரிகளுக்குள்ளும் எத்தனை பேருடைய மயக்கம் விட்டுப்போயிருந்ததோ. என் மரத்திலும் ரப்பர் பாலைச் சரியான கிளையில் வைத்திருக்கலாம், ஒரு நிமிட வேலை. முறை இரண்டும் பிழைத்துக்கொண்டன. இப்போதும் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன.

டேங்கில் விழுந்த அவரைக் கடைசியாகப் பார்த்தது கிள்ளானில், அவர் வீட்டில். மலிவு விலை அடுக்குமாடி, நாலாம் மாடி. அறிக்கையில் ஒன்றும் மாறவில்லை என்று சொல்லத்தான் போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, ஒன்றையும் பார்க்கவில்லை. சொல்லி முடித்தேன். தலையாட்டினார்.

“போவட்டும் பாஸ். எங்க வீட்டுக்காரிகிட்ட ஒரு தடவ சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. எழுத்துக் கூட்டத் தெரியாம குடும்பத்த நாசம் பண்ணிட்டேன்னு அவளுக்கு மனசுல.”

அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தார். எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றிருந்தார். நான் எழுந்து நின்று சொன்னேன். “அக்கா, அவரு சரியாத்தான் படிச்சாரு. பேப்பர்லதான் தப்பா இருந்துச்சு.”

அந்த அக்கா என்னையே பார்த்தார். சந்தேகமில்லை, கோபமில்லை, கணக்குப் போடுவதுபோல ஒரு பார்வை.

“தப்பா எழுதுனது யாரு?”

“நான்தான்.”

அவர் வந்தார். என் முன்னால் இருந்த, நான் இன்னும் தொடாத தேநீரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தொட்டியில் அதை ஊற்றும் சத்தம் கேட்டது.